பட்டமளிப்புக்கு ஏழு தட்டு

என் மகள் தேவமலர் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கடிதத்தில் ஊர்ப்பட்ட செய்தி இருந்தது. விடுதியில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. நூலகத்துக்குப் போகும் பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. கேண்டீனில் கோழிக்கறி விலையை ஏற்றியதற்குப் பையன்கள் கூடிச் சத்தம் போட்டார்கள். பட்டமளிப்பு அங்கி வாங்கும் வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். இத்தனையும் எழுதியவள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. கடிதத்தோடு வந்த இரண்டு அழைப்பு அட்டைகளும் யார் யாருக்கு என்பதை. 'ரெண்டு பேருக்குத்தான் இடம், எட்டரைக்கு மேல வந்தா கதவைச் சாத்திடுவாங்க' என்று மட்டும் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கும்போது அதை எழுத வேண்டுமா என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். டுரியான் துங்கால் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், விசேஷத்துக்குப் போடும் பாத்திக் சட்டை ஒன்றும் காலுக்குக் கறுப்புச் சப்பாத்தும் வாங்கினேன். சப்பாத்து கொஞ்சம் கடித்தது. அன்றைக்கு ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உம்பாயிலிருந்து தங்கையா வந்தார். என் மனைவி கோமளாவின் அண்ணன், மீன் லோரி ஓட்டுகிறவர். அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மாப்ள, பொண்ணுக்கு ஒரு விசேஷம்னா மொதல்ல மாமன்தான நிக்கணும்? சடங்குக்கு நான்தான தட்டு எடுத்தேன். இதுவும் விசேஷம்தானலா?"

நான் கோமளாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். பெற்றவள் போகாமல் இருக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் அட்டை.

வேறு யாராவது கேட்டிருந்தால் அங்கேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். என் கோபம் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்துக்கே தெரியும். தங்கையாவிடம் மட்டும் என் வாய் அடைத்துக்கொள்ளும். அதற்குக் காரணம் இருந்தது. தேவமலர் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம், அவளை பத்து பெரெண்டாம் ஊரில் இருக்கும் ஃபேக்டரிக்கு வேலைக்கு அனுப்புவதென்று நான் முடிவு செய்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலு பெண்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்கள், வாசலுக்கே வேன் வந்தது, விண்ணப்ப பாரம்கூட வாங்கி வைத்துவிட்டேன். அவள் அழுதாள். நான் அசையவில்லை. தங்கையாதான் உம்பாயிலிருந்து வந்து என்னோடு ஒரு நாள் பூராவும் மல்லுக்கு நின்று, மறுநாள் அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஆறாம் படிவத்தில் சேர்த்தார். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

அதெல்லாம் அவள் மனதில் இன்னும் இருக்கிறதா? அதனால்தான் பெயர் எழுதாமல் விட்டாளா? மாமாவுக்குத்தான் என்று எழுதினால் நான் வருத்தப்படுவேன் என்று எங்களிடமே விட்டுவிட்டாளா? இல்லை, எழுத மறந்துவிட்டாளா? நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"நீங்களே போங்க மச்சான்," என்றேன். அட்டை அவர் சட்டைப்பைக்குள் போனது. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

பட்டமளிப்பு அன்று, சனிக்கிழமை விடியற்காலையில் வாடகை வேன் வந்தது. தங்கையா ஏழு தட்டோடு வந்திருந்தார். பட்டுச்சேலை ஒன்று, வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, கற்கண்டு, ஒரு பெரிய மாலை. பட்டமளிப்புக்கு யாராவது தட்டு எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யார் பட்டம் வாங்கினார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள? வேனில் ஓர் இடம் இருந்தது, நானும் ஏறினேன். கோமளா என் பாத்திக் சட்டையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வளாகம் எங்கள் தோட்டத்தைவிடப் பெரியது. எந்தச் சாலையில் போனாலும் அதே ரவுண்டபவுட்டுக்குத்தான் திரும்பி வந்தோம். மூன்றாவது தடவை தங்கையாவும் டிரைவரும் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவழியாக மண்டபத்தைக் கண்டுபிடித்து, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தோம். வாசலில் நின்ற மலாய்க்காரக் காவலர் எங்களை மேலும் கீழும் பார்த்து, இங்கே கல்யாணம் எதுவும் இல்லையே என்றார். தங்கையா தனக்குத் தெரிந்த மலாயில் தாய்மாமன் முறையை விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆள் போகலாம், பழம் போகாது என்று முடித்துவிட்டார்.

மணி எட்டு இருபது. கோமளாவும் தங்கையாவும் உள்ளே ஓடினார்கள். ஏழு தட்டும் நானும் ஒரு மரத்தடியில் நின்றோம்.

அந்த மரத்தைச் சுற்றிலும் பூங்கொத்து விற்கிற கடைகள். இரண்டு சீனப் பெண்கள் வந்து ஆப்பிள் என்ன விலை என்று கேட்டார்கள். விற்பனைக்கு இல்லை என்றேன். ஒரு மலாய்க்கார அம்மா மாலையைக் காட்டிக் கேட்டார். அதுவும் இல்லை என்றேன். பிறகு ஏன் பரப்பி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வது? பெற்ற மகளுடைய விசேஷத்தில் மச்சானுடைய ஆப்பிளுக்குக் காவல் நிற்கிறேன் என்றா? கால் வேறு கடித்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேரில் உட்கார்ந்தேன்.

மண்டபத்துக்கு வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பாட்டு, பேச்சு, நடுநடுவே வழியை மறித்து நிற்கிற காரை எடுக்கச் சொல்லி அறிவிப்பு. பிறகு பெயர்கள். ஒன்றன்பின் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். கேட்டுக் கேட்டுக் கண் சொருகியது.

"தேவமலர் அனாக் பெரம்புவான் மருதமுத்து."

மருதமுத்துவின் மகள் என்று மலாயில். என் பெயர். இருபத்தெட்டு வருஷமாக விடியுமுன் பெரட்டில் கணக்கெழுதும் கிராணி என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசை அது. கூப்பிட்டதும் பதில் சொல்லாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அந்தப் பழக்கம்தான். சடாரென்று எழுந்து, வெறுங்காலோடு விறைப்பாக நின்று, "இருக்கேன் ஐயா" என்று கத்திவிட்டேன்.

பூக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமா, அவமானமா, எனக்கே புரியவில்லை. அவள் எழுதாமல் விட்ட பெயரை யாரோ தெரியாத ஆள் மைக்கில் படிக்கிறான். எல்லாருக்கும்தான் அப்பன் பெயரைப் படிக்கிறார்கள், அதில் அவள் மனம் எங்கே இருக்கிறது?

பதினோரு மணிக்குமேல் கூட்டம் வெளியே வந்தது. தேவமலர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் கோமளா, அதற்கும் பின்னால் தங்கையா. மாலையை எடுக்கக் குனிந்த தங்கையா, தேவமலரின் கலங்கிய முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கப்பா போனீங்க? அம்மா பக்கத்துல மாமா உக்காந்திருக்காரு. உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

"கார்டு யாருக்குன்னு நீ எழுதலையேம்மா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. "அந்த ஃபேக்டரி விஷயம் இன்னும் மனசுல இருக்குமோன்னு..."

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"இருக்குப்பா," என்றாள். "இன்னும் இருக்கு. அதுக்காக நீங்க வர வேணாம்னு நெனப்பேனா?"

தங்கையா சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நுழையும்போதே ஓரத்தைக் கிழித்துவிட்டிருந்தார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.