வலது கொம்பு

"எந்தக் கொம்பும்மா குத்திச்சு, வலதா இடதா?" என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா, "வலது கொம்பு மேடம்" என்றார்.

சந்திரகிரிப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்கு மாட்டின் கொம்பில் மரப்பலகை கட்டி விரட்டுவார்கள். ஓடுகிற மாட்டை மடக்கிப் பலகையைப் பறிப்பவனுக்குத்தான் பெருமை. அந்த வருடம் நைனா ஒன்று பறித்தார். அன்று சாயங்காலமே, குழம்பில் உப்பில்லை என்று அதை அம்மாவின் மேல் வீசினார். அம்மா குனிந்துவிட்டாள். நான் பின்னால் நின்றிருந்தேன். பலகையின் முனை என் இடது கண்ணில் இறங்கியது. அந்த நேரம் ஊர் மாடுகளெல்லாம் கொட்டகையில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன.

"போன பார்வை வராது. இருக்கிற கண்ணுல ஒரு அடியும் படக்கூடாது" என்றார் டாக்டரம்மா. நைனா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் பலகையைக் கழுவிச் சுவரில் மாட்டினார். முனையில் கறை அப்படியே இருந்தது.

பத்தாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. ஒற்றைக் கண்ணுக்கு டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று பிடிபடவில்லை. தண்ணீரை வெளியே ஊற்றினேன். சிந்தும்போதெல்லாம் அறை விழுந்தது. எப்போதும் இடது பக்கமிருந்துதான். கை வருவது தெரியாது. காது இரைந்த பிறகுதான் தெரியும்.

"ஒத்தக்கண்ணி, சோறு துன்னும்போது மட்டும் கரெக்டா வாய்க்குப் போவுதா?" என்பார்.

சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் முட்டவைத்து ஊற்றக் கற்றேன். இடது தோளைச் சுவரில் ஒட்டி உட்காரப் பழகினேன். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால் கிட்டத்துப் பொருள் அதிகம் நகர்கிறது, தூரத்துப் பொருள் கொஞ்சமாக நகர்கிறது. துணிக்கொடியைப் பார்த்துப் பார்த்து அதைப் பழகினேன்.

"இன்னாடி, கோழியாட்டம் தலைய ஆட்டிக்கினு கீற?" என்று பக்கத்து வீட்டு சபீனா அக்கா சிரித்தாள்.

"தூரம் பாக்கறேன்க்கா."

இந்தப் பொங்கலுக்கு நைனா கையில் பலகை சிக்கவில்லை. மறுநாள் காலையில் அம்மாவின் முடியைக் கையில் சுற்றி, தலையை நிலைப்படியில் மோதினார். ஒரு பல் தெறித்து என் காலடியில் விழுந்தது.

"உடு நைனா" என்றேன். அதுவரை அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

அம்மாவை விட்டுவிட்டு பெல்ட்டை உருவினார். "உனுக்கு இன்னொரு கண்ணு எதுக்குடி?"

பெல்ட்டின் இரும்பு என் வலது புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்தேன். கண் தெரிந்தது. இடது தோளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஆணியிலிருந்து அந்தப் பழைய பலகையை எடுத்தேன். அவர் வழக்கம்போல் என் இடது பக்கம் வரப் பார்த்தார். அங்கே சுவர் இருந்தது. எதிரில்தான் வரவேண்டியிருந்தது. தலையை அசைத்தேன். இன்னும் தூரம். மறுபடி அசைத்தேன். கிட்டே வந்துவிட்டார். இரண்டு கையாலும் பலகையை வீசினேன். அவர் மணிக்கட்டு கரும்பு மாதிரி முறிந்தது. மற்றக் கையை ஓங்கினார். தோளில் இன்னொன்று போட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "எலும்புதானே. புத்தூருக்குப் போனா கட்டு போட்டு உடுவாங்க."

"எந்தக் கொம்புன்னு கேட்டா, வலதுன்னு சொல்லு நைனா" என்றேன்.

பலகையை நான் கீழே வைக்கவில்லை. அவர் அதையே பார்த்தார். பிறகு தொங்குகிற கையைத் துண்டில் ஏந்திக்கொண்டு வெளியே போனார்.