கைக்குச் சேர்ற கட்டை

எங்க வீட்டுல ஒரு வாரமா சோத்துல மரத்தூள், சால்னாவுல மரத்தூள், தலகாணியில மரத்தூள். நானும் எம்புட்டுத்தான் கூட்டுறது? "மச்சான், இதை வாசல்ல உக்காந்து தேச்சா என்ன?"ன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரரு காதுல வாங்குனாத்தானே! பட்டறை மேசையில குனிஞ்ச தலை நிமிராம, ஒரு மரக்கட்டையை அரம் போட்டு ராவிக்கிட்டே இருக்காரு. அது காத்துத் துப்பாக்கியோட கைப்பிடி. கைப்பிடி மட்டுந்தான். துப்பாக்கி, அவரு சுடப் பழகுற கிளப்பு பீரோவுல பத்திரமாப் பூட்டிக் கெடக்கு, யாரு கேட்டாலும் அங்க சொல்லிக் குடுக்கிற பிரிஸ்கில்லா டீச்சர் அதை வீட்டுக்குக் குடுத்துவிட மாட்டாக.

திட்டுறது என் வாய்தான். மனசுக்குள்ள, "ராவட்டும், நல்லா ராவட்டும்"னு இருக்கும். ஏன்னா இந்த மனுசன் ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்த வருசத்தைக் கூடவே இருந்து பாத்தவ நான்.

நாங்க திண்டுக்கல் பேகம்பூர்ல தோல் கிளவுஸ் தைக்கிறோம். வெல்டிங் பட்டறைக்காரங்க மாட்டுவாங்கல்ல, அந்தக் கிளவுஸு. அவரு வெட்டுவாரு, நான் தைப்பேன். ஹாமித் பாய் வெட்டுனா கிளவுஸு கையில பொறந்தது மாதிரி இருக்கும்னு சரக்கெடுக்கிறவங்க சொல்லுவாங்க. அந்த வலது கை மேலதான் வெட்டுற மிஷின் எறங்குச்சு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போச்சு. அந்தப் பக்கத்து உள்ளங்கைச் சதையும் போச்சு.

ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிச்ச அன்னைக்கே கையில துண்டைச் சுத்திக்கிட்டாரு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் கட்டுன பொண்டாட்டிக்கே அந்தக் கையைக் காட்டல. ஒரு வருசம் மூலையில பாயைப் போட்டு, சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தாரு. தட்டை வச்சுட்டு நான் அந்தப் பக்கம் போனாத்தான் சாப்பிடுவாரு. நான் அழுது பாத்தேன், கத்திப் பாத்தேன், தர்காவுக்கு நேந்துக்கிட்டேன். சுவத்துக்கிட்ட பேசுனாக்கூட ரெண்டு வார்த்தை திரும்பி வந்திருக்கும்.

அப்பத்தான் பிரிஸ்கில்லா டீச்சர் வந்தாக. பள்ளிக்கூடத்துல டிரில் டீச்சர். சாயங்காலத்துல காந்திகிராமம் போற ரோட்டுல ஒரு ஷெட்டுல கிளப்பு வச்சுத் துப்பாக்கி சுடுறதுக்குச் சொல்லிக் குடுக்கிறாக. துப்பாக்கிப் பெட்டிக்குள்ள ஒட்டுறதுக்கு மெத்துன்னு தோல் வேணும்னு கேட்டாக. நான் அளவைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே மூலையில இருந்து ஒரு சத்தம்: "துப்பாக்கி எம்புட்டு எடை இருக்கும் டீச்சர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு வாயத் தொறந்து தானா ஒண்ணு கேட்டு எத்தனையோ மாசம் ஆகியிருந்துச்சு. டீச்சருக்கு அதெல்லாம் தெரியாதுல்ல, சாதாரணமா, "வந்து தூக்கித்தான் பாருங்களேன் பாய்"னாக. இவரும் மறுநாளே போயிட்டாரு! அங்க போயி என்னாலே முடியுமான்னு கேட்டிருக்காரு. "கண்ணு இருக்கு, சுடுற விரல் இருக்கு, தாங்குற தோளு இருக்கு. வேற என்ன பாய் வேணும்?"னு கேட்டாகளாம். எடது கையில சுடுங்களேன்னும் சொல்லிப் பாத்திருக்காக. இந்த மனுசனா கேப்பாரு? வலது கையிலதான் சுடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டாரு.

கடைசி ஓரத்துல சுவத்தை ஒட்டி நின்னுக்கிட்டு, அப்பத்தான் துண்டை அவுப்பாராம். டீச்சரே பின்னாடிதான் நிக்கணுமாம். கையை யாரும் பாத்துறக் கூடாது. அது எப்பிடியோ போகட்டும், மனுசன் வெளிய போறாரு, வாராரு, டீ குடிக்கிறாரு. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அது போதும்.

ஆனா கைப்பிடி சேரல. கொஞ்ச நேரம் சுட்டாலே உள்ளங்கை எரியுதாம், துப்பாக்கி மூக்கு கீழ எறங்குதாம். "கட்டைக்கும் உங்க கைக்கும் நடுவுல சந்து இருக்கணும் பாய், கைக்குத் தக்கன செதுக்கிக்கங்க"ன்னு சொல்லி டீச்சர் வெறும் கட்டையாக் குடுத்துவிட்டாக. ஒண்ணைச் செதுக்குனாரு, எரிச்சல். இன்னொண்ணு, அதுலயும் எரிச்சல். ஞாயித்துக்கிழமை மதுரையில போட்டி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்து உக்காந்தவரு சொன்னாரு, "கமரு, இதுதான் கடைசிக் கட்டை. இதுவும் சேரலேன்னா விட்டுர்றேன்."

விட்டுட்டு எங்க போவாரு? அந்த மூலைக்குத்தான்.

அடுப்புல வெஞ்சனத்தை வதக்கிக்கிட்டே அவரு என்ன செய்யிறாருன்னு எட்டி எட்டிப் பாத்தேன். எடது கையை அட்டை மேல விரிச்சு வச்சு, பென்சிலை எப்பிடியோ புடிச்சுச் சுத்தி வரைஞ்சாரு. அட்டையை வெட்டுனாரு. வெட்டுனதைத் திருப்பிப் போட்டு, அதைப் பாத்து கட்டையில கோடு இழுத்து, கோட்டுக்குத் தக்கன குடைஞ்சு ராவுனாரு. நாங்க கிளவுஸுக்குச் செய்யிற வேலைதான் அது. ஒரு கைக்கு அளவு எடுத்துட்டு, அட்டையைத் திருப்பிப் போட்டா மறு கைக்கும் ஆச்சு. காலங்காலமா அப்பிடித்தான் வெட்டுறோம்.

கரண்டியைப் போட்டுட்டு வெளிய வந்தேன்.

"மச்சான், அது எந்தக் கை?"

"எடது."

"கட்டை எந்தக் கைக்கு?"

"வலதுக்கு. திருப்பிப் போட்டா வலதுதானே? என்னமோ புதுசாக் கேக்குற."

கட்டையைப் புடுங்கிப் பாத்தேன். விரல் பதியிறதுக்கு வரிசையாப் பள்ளம் போட்டு வச்சிருக்காரு. சுண்டுவிரலுக்கு ஒண்ணு, மோதிரவிரலுக்கு ஒண்ணு. இல்லாத விரலுக்கு! உள்ளங்கைப் பக்கம், சதை இருந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அதுக்குத் தக்கன குடைஞ்சிருக்காரு.

"யா அல்லாஹ்! ஊருல உள்ளவன் கைக்கெல்லாம் அளவெடுக்கிற மனுசன், சொந்தக் கைக்கு அளவெடுக்கலையே!"ன்னு கத்திட்டேன். "இது உங்க பழைய கை மச்சான். அது போயிருச்சு. இந்தக் கட்டை எப்பிடிச் சேரும்? எம்புட்டு ராவுனாலும் சேராது!"

அவரு அரத்தைக் கீழ வச்சாரு. துண்டை இறுக்கிச் சுத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயி மூலையில உக்காந்தாரு, சுவத்தைப் பாத்து.

அய்யோ, நானே கையப் புடிச்சுக் கொண்டுபோயி அந்த மூலையில உக்கார வச்சுட்டேனேன்னு இருந்துச்சு. அப்புறம் எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ, மரத்துல சந்து அடைக்கிறதுக்கு டீச்சர் கட்டையோட குடுத்துவிட்ட மாவு மாதிரி புட்டியை எடுத்தேன். அது ரெண்டு உருண்டையா இருக்கும். தனித்தனியா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சேத்துப் பிசைஞ்சுட்டா கொஞ்ச நேரத்துல கல்லா இறுகிரும். ரெண்டையும் சேத்து, சப்பாத்திக்குப் பிசையிற மாதிரி ஓங்கிப் பிசைஞ்சேன். கட்டையில இருந்த பள்ளம் பூராத்தையும் அடைச்சு, மேலயும் அப்புனேன். கொண்டுபோயி அவருக்கும் சுவத்துக்கும் நடுவுல உக்காந்தேன்.

"பிசைஞ்சாச்சு. இருந்தது இம்புட்டுத்தான். கையைக் குடுங்க."

"போ கமரு."

"போகமாட்டேன். இது இறுகப் போகுது. உங்க கை பதியலேன்னா என் கைதான் ஒட்டிக்கிட்டு நிக்கும். கட்டையும் கையுமாத்தான் நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போவேன், பரவாயில்லையா?"

சிரிப்பு வந்திருச்சு அவருக்கு. வந்த சிரிப்பை அடக்கப் பாத்தாரு, அது அழுகையா வந்துச்சு. "நீ பாக்க வேணாம்னுதான்..."ன்னாரு.

"பாத்தா என்ன, முழுங்கிருவேனா?"

துண்டை அவரேதான் அவுத்தாரு. பாத்தேன். நான் எத்தனையோ விதமா நெனச்சுப் பயந்துகிட்டு இருந்தேன். அதுல ஒண்ணுகூட இல்ல. கை. என் மச்சான் கை. ஒரு பக்கம் மட்டும் சூம்பி, தோலு பளபளன்னு இருந்துச்சு. "இதையா என்கிட்ட மறைச்சீக? இதுக்கா ஒரு வருசம்?"னு திட்டிக்கிட்டே அழுதேன். புட்டி ஒட்டாம இருக்கணும்ல, தேங்காண்ணெயை எடுத்து அந்தக் கை பூரா தடவிவிட்டேன். வெரலு போன எடத்துல தடவும்போது வலிக்குதான்னு கேட்டேன். இல்லேன்னு தலையை ஆட்டுனாரு.

கட்டையைப் புடிக்கச் சொல்லி, என் ரெண்டு கையாலயும் அவரு கையைச் சுத்திப் பொத்தி அமுக்குனேன். சந்து இருந்த எடத்துலயெல்லாம் புட்டி போயி அடைஞ்சுச்சு. கீழ, அவருக்கு விரல் இல்லாத எடத்துல மட்டும் புட்டி பிதுங்கி வழிஞ்சுச்சு. அங்க என் விரலைக் குடுத்துத் தாங்கிக்கிட்டேன். இறுகுற வரைக்கும் ரெண்டு பேரும் அசையல. அடுப்புல வெஞ்சனம் தீஞ்ச வாடை வந்துச்சு. தீயட்டும்னு விட்டுட்டேன்.

மறுநாள் கிளப்புக்கு நானும் போனேன். சுட்டுட்டு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எரியுதா?"ன்னேன். "இல்ல கமரு, எரியல"ன்னாரு. டீச்சர் கட்டையை வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, "அருமையாச் சேந்திருக்கு பாய். கீழ ரெண்டு பள்ளம் இருக்கு பாருங்க, அதுக்கு வேலை இல்ல. உப்புத்தாள் போட்டுத் தேச்சு விட்டுருங்க"ன்னாக. சரின்னு தலையாட்டுனாரு. தேய்க்கல.

ஞாயித்துக்கிழமை மதுரையில எனக்கு உள்ள உக்கார மனசு வரல. வராண்டாவுல நின்னு தெரிஞ்ச துவாவையெல்லாம் ஓதிக்கிட்டு இருந்தேன். கதவு தொறந்து டீச்சர்தான் மொதல்ல ஓடி வந்தாக. "அக்கா, பாய் தேறிட்டாரு! மாநிலப் போட்டிக்குப் போறாரு!"ன்னு என்னையக் கட்டிக்கிட்டாக. எனக்கு நெஞ்சுல இருந்த கல்லை எடுத்துக் கீழ வச்ச மாதிரி இருந்துச்சு. அப்பிடியே படியில உக்காந்துட்டேன்.

பின்னாலயே அவரு கட்டையைக் கையில வச்சுக்கிட்டு வந்தாரு. கூட ஒரு பையன், அவருக்குப் பக்கத்துல நின்னு சுட்டவனாம், கட்டையை எட்டிப் பாத்துட்டுப் பட்டுன்னு கேட்டான்: "அங்கிள், உங்களுக்குத்தான் இந்த ரெண்டு விரலும் இல்லையே. அப்புறம் இங்க பதிஞ்சிருக்கிறது யாரு விரலு?"

எனக்குச் சுள்ளுன்னு ஏறுச்சு. கேக்குறான் பாரு கேள்வின்னு, அவனை நாலு வாங்கு வாங்கணும்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள மச்சான் அந்தக் கையை எல்லாரும் பாக்க நல்லா விரிச்சு அவன் முன்னால நீட்டுனாரு.

"எனக்கு இல்ல தம்பி," என்னையக் காட்டிச் சிரிச்சாரு. "இவளுக்கு இருக்கு."