கொல்லையில் வந்த மெத்தைச் செடி

தென்னூரில் ஷரபுன்னிசா வீட்டுக் கொல்லையில் என்ன முளைத்தாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கோடையில் முளைத்ததைத்தான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மல்லிகைப் பாத்திக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் வண்டலைக் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்து சாம்பல் பூத்த பச்சையில், திண்டு போட்டாற்போல் வட்டமாக எழும்பிப் படர்ந்தது. தொட்டால் பூனை முதுகு. கோஷாப் பெண்கள் வயலைக் கண்டார்களா, வரப்பைக் கண்டார்களா? ஜின் உட்காரும் மெத்தை என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

மருமகள் ரஷீதா சாயங்காலமானால் அதன்மேல்தான் உட்காருவாள். துறையூர் ஜவுளிக்கடைக்காரர் மகள். இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. ஷரபுன்னிசாவுக்கோ தன் தம்பி மகள் வஹீதாவை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மகன் நஜிமுதீன்தான் மசியவில்லை. சுருட்டுக்கடையில் அத்தனை பேரை அதட்டுகிறவன், பெண்டாட்டி முன்னால் உருகின நெய்.

தயிர்க்காரி பவுனம்மாள் செடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். வாய்க்கால் வற்றினால் தரையெல்லாம் கிடக்கும் சிறுசெருப்படை, யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லை என்றாள். கேட்டுக்கொண்டவள் ஷரபுன்னிசா ஒருத்திதான். கேட்டதை அப்படியே விழுங்கிக்கொண்டு, மகனிடம் வேறு பாட்டுப் பாடினாள்: உன் பெண்டாட்டி பிள்ளை வேண்டாமென்று எதையோ வளர்த்துத் தின்கிறாள்.

பாவம், ரஷீதாவே வலிய வந்து தலையைக் கொடுத்தாள்.

"ஹக்கீம்கிட்ட காட்டிடுங்க மாமி. அவரு சொன்னா இவங்க நம்புவாங்க."

ஹக்கீம் ஷேக் தாவூது மருந்துப் பெட்டியோடு வந்தார். கோஷா வீட்டுக் கொல்லைக்கு அந்நிய ஆண் வரலாமா? செடிதான் வாசலுக்குப் போக வேண்டும். ரஷீதா ஒரு கொத்துக் கிள்ளித் தட்டில் வைத்து, துணி மூடிக் கொடுத்தாள். ஷரபுன்னிசா ஏந்திக்கொண்டு நடந்தாள். வழியில் கிணற்றடி, கிணற்றடியில் கொடிவேலிச் செடி. மாற்றி வைக்க எவ்வளவு நேரம்?

ஹக்கீம் துணியை விலக்கி முகர்ந்தார். இதைத் தின்றால் பிள்ளை தங்காது என்று நஜிமுதீனிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார்.

அவரை அனுப்பிவிட்டு அவன் கொல்லைக்கு வருவதற்குள் மெத்தை வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. பாத்தியில் வட்டமாக வெறுந்தரை.

"விஷத்தை வீட்ல வச்சுக்கச் சொல்றியா தம்பி?" என்றாள் தாய்.

ரஷீதா அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். "ஏங்க, தட்டுல இருந்தது மெத்துன்னு இருந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் ஜட்கா வண்டிக்கு ஆள் அனுப்பினான். ஜட்கா வந்தது, அவள் துறையூருக்குப் போனாள், தலாக்கும் பின்னாலேயே போயிற்று.

மறு கோடையில் வஹீதா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். பாத்தியில் மெத்தையும் திரும்ப வந்திருந்தது. விதை அடுப்புக்குப் பயப்படுமா? மத்தியானம் சாப்பிட வந்த நஜிமுதீன், வஹீதா அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததைக் கண்டு பதறினான்.

"அம்மா, அந்தச் செடியில்ல அது?"

"அது ஒண்ணும் செய்யாதுப்பா, வாய்க்கால் செடி," என்றாள் ஷரபுன்னிசா, மீன் ஆய்ந்துகொண்டே. சொன்ன பிறகுதான் கை நின்றது.

அவன் குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளினான். மெத்தென்று இருந்தது. விரலில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். துறையூர் பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

கொத்தை அடுப்பில் போட்டான்.

"சோத்தைப் போடுங்கம்மா," என்றான்.