குளத்தைச் சுத்தம் செய்த கதை

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. ஒரு தொகுப்பாசிரியர் கேட்டார். "பறவைகளை ஜனங்களே காப்பாத்துற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. முடிவு மட்டும் நம்பிக்கையா இருக்கட்டும்" என்றார். தலையாட்டிவிட்டேன். மறுநாள் பல் டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லை நோண்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். வலி போய்விட்டது, வயிற்றெரிச்சல் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், அழகு நடையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: காலை வெயில் குளத்தின் மேல் பொன்னைத் தூவிக்கொண்டிருக்க, வெண்ணிறக் கொக்குகள்...

(அடித்துவிட்டேன். பொன்னும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பாசி, கரையோரக் கோரை, நடுவில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் குளம்.)

இரண்டாவது தொடக்கம்: குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குளத்தை மண்ணடித்து, வண்டி நிறுத்தும் இடமாக்கப் பார்த்தார்கள். லாரிகளுக்கு முன்னால் போய் நின்றவர் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. பல் பிடுங்க வந்தவர்கள் வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் படுத்திருக்கும்போது, பறவைகளைப் பற்றிப் பேசிப் பேசியே அவர் ஆள் சேர்த்திருந்தார். லாரிகள் திரும்பிப் போயின.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அடியில் போட்டால் படிக்க மாட்டீர்கள், நடுவிலேயே போடுகிறேன். முக்குளிப்பான் என்று ஒரு சின்ன நீர்ப்பறவை. பாசியையும் அழுகிய தண்டுகளையும் குவித்துத் தண்ணீரின் மேல் மிதக்கும்படி கூடு கட்டும். கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். காக்கை பார்த்தால் வெறும் குப்பை. மனிதன் பார்த்தாலும் அதேதான்.

4

நம் குளத்தின் நடுவிலும் அப்படியொரு முக்குளிப்பான் கூடு கட்டியது. அது அடைகாக்கத் தொடங்கியதும் டாக்டரம்மா குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனார்.

"நடுவுல மிதக்குதே, அது குப்பை இல்ல சார், கூடு. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் யாரும் தண்ணியில இறங்க வேண்டாம்."

"நீங்க சொன்னா அப்பீலே இல்ல டாக்டர்."

தெருவுக்கும் அவரே சொல்லிவிடுவார் என்று நம்பி டாக்டரம்மா வீட்டில்கூடச் சொல்லவில்லை. அப்பீல் பேனர் வடிவத்தில் வந்தது. குளத்துக்கு ஒரு விருது. அதைக் கொடுக்க ஒரு பெரிய மனிதர் வருகிறார். 'மக்கள் காத்த குளம்' என்று பேனர் அடித்தாயிற்று. அதற்குப் பின்னால் பாசி தெரிந்தால் மானம் போகாதா? டாக்டரம்மா கிளினிக்கில் இருந்த நேரம் பார்த்துத் தலைவர் தெருவையே தண்ணீரில் இறக்கிவிட்டார். பாதிக் குளம் சுத்தமாயிற்று.

(தெரியாமல் செய்தார் என்று எழுதிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. தெருவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.)

5

டாக்டரம்மா வந்தபோது அவர் கணவர் இடுப்புவரை சேற்றோடு, கையில் கொக்கி கட்டிய கம்போடு, பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

"பாத்தியா! உனக்காகத்தான் லீவு போட்டேன். நடுவுல கிடந்த குப்பையை ஒத்தை ஆளா இழுத்துட்டு வந்தது யாரு? நான்!"

டாக்டரம்மா கரையில் கிடந்த குவியலின் அருகே உட்கார்ந்து பாசியை விலக்கினார். கறை படிந்த முட்டைகள். சில உடைந்திருந்தன. மற்றவை சில்லிட்டுக் கிடந்தன.

"என்னம்மா? அது... குப்பைதானே?"

"மூடி வச்சிட்டுப் போயிருக்குங்க. நம்ம தெரு ஆளுங்கதானேன்னு நம்பிப் போயிருக்கு."

(பறவைக்குத் தெருவாவது, ஆளாவது! ஆனால் அவர் அப்படித்தான் சொன்னார். வெட்ட எனக்கு மனம் வரவில்லை.)

கணவர் கம்பைக் கீழே போட்டார். கூடு இருந்த இடத்தில் பறவை முங்கியது, எழுந்தது, சுற்றிப் பார்த்தது, மறுபடி முங்கியது.

6

தொகுப்பாசிரியருக்கான முடிவு: எல்லோரும் கண்கலங்கிக் கூட்டைத் திரும்ப மிதக்கவிட, பறவை வந்து அமர, முட்டைகள்...

(உடைந்த முட்டை ஒட்டாது ஐயா.)

கோபக்காரர்களுக்கான முடிவு: டாக்டரம்மா எல்லோரையும் விரட்டிவிட்டுக் குளத்தின் கேட்டைப் பூட்டுகிறார்.

(அடுத்த லாரி வந்தால் முன்னால் யார் நிற்பது? முக்குளிப்பானா?)

என் ஆத்திரமே இதுதான். குளத்தைக் காப்பாற்றியதும் இவர்கள்தான், கூட்டை வாரிப் போட்டதும் இவர்கள்தான். தலைவரை நாள் முழுக்கத் திட்டலாம், திட்டுவேன். ஆனால் கம்பைப் பிடித்த கைகள் எல்லாம் அன்பான கைகள். அவற்றை என்ன சொல்லித் திட்டுவது?

7

முடிவு எழுத மாட்டேன். இதோ, குளத்தின் மறுபாதி பாக்கி இருக்கிறது. கோரை ஓரமாக இன்னொரு பாசி மேடு மிதக்கிறது. தலைவர் விசில் ஊத, தெரு மறுபடி கூடிவிட்டது. கணவர் மட்டும் இன்று வெறுங்கையோடு வந்து மனைவியின் பக்கத்தில் நிற்கிறார். டாக்டரம்மா தண்ணீருக்கு இறங்கும் படியை மறித்துக்கொண்டு நிற்கிறார், அன்று லாரிகளுக்கு முன்னால் நின்ற மாதிரியே.

"கொஞ்சம் தள்ளுங்க டாக்டர், நேரமாச்சு" என்கிறார் தலைவர்.

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. வரிசையில் முதல் ஆளைப் பார்க்கிறார். அது நீங்கள். நல்ல மனதோடுதான் வந்திருக்கிறீர்கள், தெரியும். உங்கள் கையில் கொக்கி கட்டிய கம்பு இருக்கிறது.