ஏழாம் வாய்ப்பாட்டில் எட்டாவது வரி

எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

பள்ளியில் எல்லோரும் சேர்ந்து கத்தும்போது நான் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைப்பேன். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எப்படியோ மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது என் தொழில். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுக் கல் என்றால் ஐம்பத்துநாலு என்பேன். உடைந்தால் இருக்கட்டும் என்று ஐந்தாறு சேர்த்து வாங்கச் சொல்வேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள். ரெண்டு கல் குறைவது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? என் குட்டு வெளிப்படவே இல்லை.

மகள் நாலாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பிக்க வந்தால் நான் புத்தகத்தைத் தொடவே மாட்டேன். "அப்பாவுக்கு எதுக்கும்மா புக்கு? எல்லாம் மண்டையில இருக்கு, நீ சொல்லு!" என்ன திமிர் எனக்கு! அவள் ஏழெட்டு ஐம்பத்தாறு என்றாள். ஐம்பத்துநாலு என்று அதட்டித் திருத்தினேன்.

மறுவாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். சிமென்ட் கையோடு போனேன். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். கரும்பலகைப் பக்கத்தில் மகள்.

"தப்பா எழுதினா பரவாயில்லைங்க. புக்கைக் காட்டினாலும், புக்குதான் தப்பு, எங்கப்பா சொன்னதுதான் சரின்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நீங்களா சொல்லிக்குடுத்தீங்க?"

"சொல்லுப்பா" என்றாள் மகள். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

நாற்பது பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். "நான் எங்கங்க அப்படிச் சொன்னேன்? இவதான் விளையாட்டுப்புத்தியில எதையோ உளறியிருப்பா" என்று சிரித்து மழுப்பினேன். சே, நானும் ஒரு அப்பன்!

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் தப்பா சொல்லிட்டேன் டீச்சர். அப்பா சரியாத்தான் சொன்னாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னார் டீச்சர்.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு அதட்டு அதட்டித் தப்பித்திருப்பேன். "என்ன, அப்பனும் பொண்ணும் ஊமையாயிட்டீங்க?" என்றாள் மனைவி. வெட்கக்கேட்டை அவளிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வேலையில் கலவையைக் குழைத்துவிட்டுச் சாமான் பையைத் திறந்தால், கொத்துக்கரண்டிக்கு மேலே நாலாக மடித்த தாள். ஏழாம் வாய்ப்பாடு, பதினோராவது தடவை. எட்டாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு. அடியில், 'பாத்துட்டுக் கிழிச்சுப் போட்டுருப்பா. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.'

கூனிக்குறுகிப் போனேன். அப்படியே எழுந்து நடந்தேன்.

"யோவ், கலவை இறுகுதுய்யா!" என்று கூட வேலை செய்பவர் கத்தினார்.

"இறுகட்டும்!"

வகுப்புக்குள் நுழைந்ததும் மகள் பயந்துபோய் எழுந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"டீச்சர், நேத்து நான் சொன்னது பொய். எம்பொண்ணு சரியாத்தான் சொன்னா, நான்தான் அதட்டித் தப்பா மாத்தினேன். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாதுங்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.