நைனா முகமதுவுக்கு ஒரு வெப்சைட்

1.

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது. முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வதால் என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்ல வேண்டியவரிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் உங்களிடம் ஒத்திகை பார்க்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலையிலிருந்து இறங்கிய காற்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் தயங்கித் தயங்கி’

காற்றுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணில் படட்டும்.

மறுபடியும். 1999 ஜனவரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிடிபி சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துச் சிவகாசி அச்சகங்களுக்கு அனுப்புவது என் தொழில். ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் மெகராஜ் பேகம் கடை நோட்டீஸ் அடிக்க வந்தார். கிளம்பும்போது, வெப்சைட் செய்யத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

[தெரியாது.]

2.

அவருடைய தம்பி நைனா முகமது சண்டை போட்டுக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை, முகவரி இல்லை. துபாயில் ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் அவரைப் பார்த்ததாக ஊருக்கு வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். இண்டர்நெட்டில் ஊர் பெயரை அடித்தால் அந்த ஊரைப் பற்றிய எல்லாம் வரும் என்று அக்கா பத்திரிகையில் படித்திருந்தார்.

“வெளிநாட்டுல கெடக்கவன் ஒரு நாளாச்சும் ஊர் பேர அடிச்சுப் பாக்காமயா இருப்பான்?” என்றார்.

வெப்சைட் பக்கத்தில் போட வேண்டியதை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ‘ராஜபாளையம் நைனா முகமதுக்கு, வீட்டுப் பக்கம் வராதேன்னு சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது. வா. அக்கா.’ அடியில் கடையின் போன் நம்பர்.

(சண்டை எதற்காக? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கதைக்குக் காரணம் வேண்டுமே என்று மூன்று எழுதிப் பார்த்தேன்: ஒரு காதல், ஒரு வீடு, ஒரு விருந்தில் கேட்ட சொல். மூன்றும் எங்கள் வீட்டுச் சண்டைகளாகவே வந்து நின்றன. எடுத்துவிட்டேன்.)

3.

புதிதாக வெப்சைட் செய்பவனுக்கு அன்று இரண்டு வழி. ஒன்று, நோட்பேடில் ஒவ்வொரு வரியாகக் கம்ப்யூட்டர் கோடிங் எழுதுவது. அதற்குத் தலையணை கனத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் படிக்க வேண்டும். இன்னொன்று, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்த சாஃப்ட்வேர். படத்தையும் எழுத்தையும் இழுத்துப் போட்டால் கோடிங்கை அதுவே எழுதிக்கொள்ளும். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது போலவே இருந்தது. எது நல்லது என்று நான் யோசிக்கவில்லை. எது பழகினது மாதிரி இருக்கிறது என்று பார்த்தேன். புதிதாக எதையும் தேர்ந்தெடுக்கும்போது நாம் பெரும்பாலும் நம்மையேதான் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்.

[இந்த வரி கொஞ்சம் அதிகம். இருக்கட்டும்.]

ஒரே நாளில் பக்கம் தயார். ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறி, அங்கிருந்த இண்டர்நெட் சென்டரில் போட்டுத் திறந்தால், அக்காவின் தமிழ் முழுக்கக் கொக்கியும் கேள்விக்குறியுமாக நின்றது. என் தமிழ் ஃபாண்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. துபாயில் மட்டும் இருக்குமா?

அப்போதுதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. இது எங்கள் தொழிலில் தினமும் வருகிற சிக்கல். நம் ஃபாண்ட் அச்சகத்தில் இருக்காது. அதனால் பத்திரிகையை அனுப்புவதற்கு முன் எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிடுவோம். எந்த மெஷினில் திறந்தாலும் அட்சரம் பிசகாது. அதையே செய்தேன். தலைப்பு, பெயர், ஊர், கடிதம், போன் நம்பர் எல்லாம் சேர்த்து ஒரே படம்.

மறுபடியும் ராஜபாளையம். இண்டர்நெட்டில் ஏற்றித் திறந்தால், படம் மேலிருந்து மெதுவாக இறங்கி முடிக்கப் பொறுமை வேண்டியிருந்தது. ஆனால் தமிழ் அச்சடித்தது போல நின்றது. தானே எழுதிய நாலு வரியை அக்கா புதிதாகப் படிப்பவர் போலப் படித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

4.

பக்கத்தின் அடியில், எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று காட்டும் ஒரு எண்ணை வைத்திருந்தேன். அக்கா வெள்ளிதோறும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து பார்ப்பார். நானும் திறப்பேன், தெரிந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிப் பீற்றிக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று கூடும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்வதைக் கெடுக்க மனம் வரவில்லை.

[பொய். அந்த எண் எனக்கும் வேண்டியிருந்தது.]

செப்டம்பரில் அவரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு சொன்னார்:

“அத எடுத்துருங்க தம்பி. நூத்தி நாப்பத்தி மூணு பேரு பாத்திருக்காக. அதுல அவன் இல்லாமயா இருப்பான்? பாத்துட்டான். வர மனசில்ல. அம்புட்டுதான்.”

அழவில்லை. மீதி டீயையும் குடித்துவிட்டுப் போனார். நான் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

5.

நவம்பரில், கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் இன்பம் என்ற பெண் பிராஜக்ட் பிரிண்ட் எடுக்க வந்தாள். என் முதல் வெப்சைட் என்று ஃபிளாப்பியிலிருந்து திறந்து காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“எல்லாமே படமாவுல்ல இருக்கு சார். படத்துக்குள்ள இருக்க எழுத்த தேடுற மெஷின் படிக்காதே. ஊர் பேர அடிச்சா இது எப்படி வரும்?”

வராது. எட்டு மாதமும் வந்திருக்காது. ராஜபாளையம், நைனா முகமது என்று இங்கிலீஷ் எழுத்தில் சாதாரணமாக ஒரு வரி அடித்திருந்தால் போதும். பத்து நிமிட வேலை. அந்த நூற்று நாற்பத்து மூன்றும் அக்காவும் நானும் என் பீற்றலும்தான்.

அவள் போன பிறகு வெகு நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது.

6.

முடிவுகள்.

அ) அந்த வரியைச் சேர்த்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுகிறேன். மூன்றாம் வாரம் கடையில் போன் அடிக்கிறது. இதை முழுதாக எழுதினேன், என் கண்ணே கலங்கியது. கிழித்துவிட்டேன். வேண்டாம் என்று அவர் சொன்னதை அவருக்குத் தெரியாமல் ஏற்ற எனக்கு என்ன உரிமை?

ஆ) நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆறிவிடுகிறார். இதை எழுதவே வேண்டாம், நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இ) நான் அவர் கடைக்குப் போகிறேன்.

போயும்விட்டேன். டிசம்பர், வெள்ளிக்கிழமை. என்னை முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அக்கா ஒரு ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் வெள்ளியும் இருட்டும்வரை கடை உண்டாம். தம்பியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘அக்கா, அவரு அதப் பாக்கவே இல்ல.’ அது தம்பியை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும். பாடுபட்டு விட்டொழித்த காத்திருப்பையும் சேர்த்துக் கொடுக்கும். அதற்குப் பிறகும் நைனா முகமது வராமலே போகலாம்.

அவர் கத்தரியை வைத்துவிட்டு நிமிர்கிறார்.

“என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தாப்ல இருக்கு?”

அவர் முகம் இனி எப்படி மாறும் என்பதை என்னால் எழுத முடியாது. பல தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இந்த முக்காலியில் நீங்கள் உட்காருங்கள். என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.