திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

1

இந்தக் கதை மதிப்புரையாகத்தான் பிறந்தது. வீட்டு ஸ்டீரியோக்களைக் கேட்டுப் பார்த்து ஒரு பத்திரிகைக்கு எழுதுவது என் உபதொழில். இந்த முறை எழுதியதில் கருவியைவிட மனிதர்கள் அதிகமாகிவிட்டார்கள். 'இதைக் கதையாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். வைத்துக்கொண்டேன். தொடக்கம்தான் படியவில்லை.

முதல் முயற்சி: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் என் மைத்துனன் ஒரு பெட்டியோடு' (வேண்டாம். அன்று மழையே இல்லை. கதைகளில் பெய்கிற மழையில் பாதி இப்படித்தான் பெய்கிறது.)

இரண்டாம் முயற்சி: 'காது என்பது' (இதுவும் வேண்டாம். 'என்பது' என்று ஆரம்பித்தால் பாடம் நடத்தாமல் விடமாட்டேன்.)

ஆகவே நேராகவே வருகிறேன். என் மனைவியின் தம்பி ஒரு டாக் செய்தான்.*

(* கணினியில் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிஃபையருக்குப் புரிகிற மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டிதான் டாக். எனக்கும் இதற்கு மேல் அதிகம் தெரியாது. ஆசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

2

மைத்துனன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வேலை முடிந்து வந்ததும் படுக்கையறை மேசையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவான். அப்படிச் சில வருடங்கள் உட்கார்ந்து உருவாக்கிய பெட்டி அது. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மறுநாளே வேலையை விட்டுவிட்டு, இதையே செய்து விற்பது என்று முடிவுசெய்திருந்தான்.

சோதனைக்கு விதி வகுத்தவனும் அவன்தான். எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் நான் கேட்க வேண்டும்.

"மச்சினன்னு தலையாட்டக் கூடாது மாமா," என்றான்.

என் பழைய டாக்கையும் அவனுடைய புதியதையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, இரண்டின் சத்தமும் சமமாக வரும்வரை மீட்டர் வைத்து மல்லுக்கட்டினான். இது எங்கள் கூட்டத்துக்கே உரிய பயம். ஒரு பெட்டி மயிரிழை சத்தமாக ஒலித்தாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது. தெளிவு என்று சொல்லும், ஆழம் என்று சொல்லும், உயிர் இருக்கிறது என்றுகூடச் சொல்லும். இதை நான் சாப்பாட்டு மேசையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். மனைவி காதில் வாங்காதவள் மாதிரி தட்டுகளை எடுத்துக்கொண்டு போவாள்.

3

ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டினோம். திரைக்குப் பின்னால் பட்டனை அமுக்கிப் பெட்டியை மாற்றும் வேலை மனைவிக்கு. தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று மைத்துனன் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஒரு பெண் குரல், கூடவே ஒரு வயலின். மனைவி வரிசையை மாற்றி மாற்றிப் போட்டாள். எனக்குக் குழப்பமே வரவில்லை. ஒரு பெட்டியில் அந்த அம்மாள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது; இன்னொன்றில் அவள் ஜலதோஷக்காரி. ஒவ்வொரு முறையும் மூச்சு கேட்ட பெட்டியையே எடுத்தேன்.

"நீங்க எடுத்தது எல்லாமே பழசு," என்றாள் மனைவி.

மைத்துனன் வந்து தன் பெட்டியைக் கழற்றினான். அதன்மேல் இருந்த கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்தான். மூஞ்சிக்கு நேராகச் சொன்னதற்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

(ஆசிரியருக்குப் போன பிரதி இங்கே முடிந்தது.)

4

திரும்பி வந்த பிரதியைக் கதையாக்க உட்கார்ந்தபோது மனைவி என்ற பாத்திரத்தில் எனக்குத் திருப்தி இல்லை. ஒரு காட்சி முழுக்கத் திரைக்குப் பின்னால் நிற்கிறாள், பட்டனை அமுக்குகிறாள். அதற்கு ஓர் ஆள் எதற்கு? அவளை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

என் எழுத்தை முதலில் படிப்பவள் அவள்தான். படித்துவிட்டு, இதில் நான் சும்மாவே நிற்கிறேனே என்று கேட்டாள். நிஜத்திலும் அப்படித்தானே என்றேன்.

"பழசு ஓடுறப்பல்லாம் வால்யூம் குமிழைக் கொஞ்சூண்டு திருப்பினேன்," என்றாள். "நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

எதற்கு என்று கேட்டேன்.

"அப்பா வேலைய விட்டுட்டு மெஷின் செய்யறேன்னு உக்காந்தப்ப இவன் கைக்குழந்தை. அப்புறம் வீடு பட்ட பாடு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

முதலில் வந்தது என் காதைப் பற்றிய அவமானம். மைத்துனனைப் பற்றிய வருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையை மாற்றி எழுதி நல்ல பேர் வாங்க மனமில்லை.

5

இனி முடிவுகள்.

(அ) அவனிடம் சொல்கிறேன். மறுபடி சோதனை. புதுப் பெட்டி ஜெயிக்கிறது. அக்காவும் தம்பியும் அதன் பிறகு பேசிக்கொள்வதில்லை.

(ஆ) சொல்கிறேன். மறுபடி சோதனை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று பேரும் அசடு வழிகிறோம். (இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனாலேயே கதைக்கு ஆகாது.)

(இ) சொல்லாமல் விட்டுவிடுகிறேன். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, யாருக்கும் நஷ்டமில்லை.

(இ)யை எழுதி முடித்து நிம்மதியாகவும் இருந்தேன். அப்புறம் ஒருநாள் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். பேச்சோடு பேச்சாக அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு மட்டும் அது நல்லா கேக்குது மாமா. என் காதுதான் சரியில்ல போல. இப்பல்லாம் லிஃப்ட்ல ஒரு சத்தம் வந்தாக்கூட, பக்கத்துல இருக்கறவங்கள ஒரு தடவை கேட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவன் போன பிறகு, இந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். கொடுங்கள், அவன் கதை படிக்கிறவன் இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள்.

"நீங்க அவன்கிட்ட சொல்லிடுங்க. என்னால முடியல."

6

'மாப்ள, அன்னிக்கு உங்க அக்கா'

(பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் போகவில்லை.)

அந்தப் பெட்டி உண்மையில் நல்லதா என்று எனக்குத் தெரியாது. அவன் காது நல்ல காது என்பது தெரியும். அதை எங்கள் வீட்டில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் கெடுத்துவிட்டோம். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

என்றாவது ஏதாவது ஒரு கட்டடத்தில் நீங்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ளலாம். வெளியே ஒருவன் வந்து கதவில் காதை வைப்பான். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. கோளாறு எங்கே என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் உங்களைக் கேட்பான், உள்ளே என்ன சத்தம் வருகிறது என்று.

'உங்களுக்குக் கேக்கறதையே நம்புங்க' என்று சொல்லுங்கள்.

இவருக்கு எப்படித் தெரியும் என்று அவன் யோசிப்பான். கதவைத் திறந்ததும் கேட்கவும் செய்வான். அவன் முகத்துக்கு எதிரே அப்போது நிற்கப்போவது நீங்கள்.